இரைப்பைச் சிகிச்சைக்குப் பின் ஆகாரமும் சரீரமும்



கடையில் நாள் முழுவதும் தராசைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வியாபாரிகள். வெங்காய மூட்டை வந்த எடை என்ன, காய்ந்து கழிந்த எடை என்ன என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். தம் சரீரத்தின் எடையைக் கேட்டால் மட்டும் சிரித்து மழுப்புவார்கள். இவ்வரிகளை எழுதும் நாமும் அப்படியே இருந்தோம். 2023 ஆம் ஆண்டு ஆஸ்பத்திரித் தராசில் ஏறி நின்றபோது அது 124 கிலோ காட்டியது. நமது உயரமோ 5 அடி 6 அங்குலம். சர்க்கரை வியாதி இருந்தது. இரத்த அழுத்தம் இருந்தது. ஸுஜூதிலிருந்து எழ முடியாமல் நாற்காலியில் அமர்ந்து தொழுது கொண்டிருந்தோம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் இரைப்பையைச் சுருக்கும் ரண சிகிச்சை செய்துகொண்டோம்.

அதன் பிறகு, இதே சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா என்று ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் குளுவாங்கிலும் உள்ள வியாபாரச் சகோதரர்கள் பலர் நம்மை விசாரிக்கிறார்கள். விசாரிப்போர் எல்லாரும் எத்தனை வெள்ளி செலவு, எத்தனை நாள் படுக்கை என்றே கேட்கிறார்கள். பிறகு எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. மத்ரஸாவையும் ஆரம்பப் பள்ளியையும் தாண்டாத நாம் வைத்தியம் சொல்ல வரவில்லை. டாக்டர்கள் நமக்குச் சொன்னதையும், படித்துத் தெரிந்ததையும், பட்டுத் தெரிந்ததையும் எழுதுகிறோம். அவரவர் சரீரத்துக்கு அவரவர் டாக்டர் சொல்வதே முடிவானது.

முதலில் சிகிச்சை இன்னதென்று சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்டு மேசன் என்பவர், குடல் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பாகத்தை நீக்கிய நோயாளிகள் இளைத்துப் போவதைக் கவனித்தார். அதிலிருந்து 1966 இல் டாக்டர் இட்டோ என்பவருடன் சேர்ந்து ‘பைபாஸ்’ முறையைத் தொடங்கினார். இரைப்பையின் மேற்புறத்தில் கோழிமுட்டையளவு சிறு பை ஒன்றை அமைத்து, அதை நேரே சிறுகுடலில் இணைப்பது அம்முறை. இப்போது அதிகமாகச் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’ என்பது. இரைப்பையை நெடுக வெட்டி ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிட்டு, சட்டைக் கையைப் போன்ற ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். நமக்குச் செய்தது இதுதான். அகற்றப்படும் பாகத்திலேதான் ‘கிரெலின்’ என்னும் பசியூட்டும் சுரப்பு பெரும்பாலும் உண்டாகிறது. இதை 1999 இல் ஜப்பானியர் கண்டறிந்தனர். ஆகவே சிகிச்சைக்குப் பின் முதல் மாதங்களில் பசியே தோன்றாது. இது நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். பசி இல்லையென்று தண்ணீரும் குடிக்காமல் கிடந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோர் உண்டு.

யாருக்குச் செய்கிறார்கள்? கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்ணைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். 2022 இல் சர்வதேச ரண சிகிச்சைச் சங்கங்கள் வெளியிட்ட விதிப்படி 35க்கு மேல் உள்ளவர்களுக்குச் சிகிச்சை பரிந்துரைக்கலாம். சர்க்கரை போன்ற வியாதியிருந்தால் 30 முதலே யோசிக்கலாம். ஆசியருக்கு அளவுகள் இன்னும் குறைவு, 27.5 முதலே பருமன் என்கிறார்கள். நமக்கு வந்த எண் 44. இந்நாட்டில் 2023 இல் அரசாங்கம் நடத்திய சுகாதாரக் கணக்கெடுப்பில், வயதுவந்தோர் நூற்றுக்கு 54 பேருக்கு எடை அதிகம் அல்லது பருமன் என்று தெரிந்தது. செராஸில் உள்ள கெபாங்சான் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் இச்சிகிச்சை நடக்கிறது; ஜொகூர் பாருவில் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். இந்தியாவில் நிதின் கட்காரி 2011 இலும், அருண் ஜெட்லி நிதியமைச்சராக இருந்தபோதே 2014 இலும் செய்துகொண்டார்கள்.

நிற்க. ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதே முதல் தவறு. பந்தாட்டப் பிரியர்கள் மரடோனாவை மறந்திருக்க மாட்டார்கள். 2005 இல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டு ஆள் அடையாளம் தெரியாமல் இளைத்தார். சில ஆண்டுகளில் உடம்பு திரும்பப் பெருத்துவிட்டது. வெட்டியது இரைப்பையைத்தான், பழக்கத்தை எந்த டாக்டரும் வெட்டி எடுப்பதில்லை. நம் பழக்கம் எத்தகையது? ஸுபுஹு முடிந்து ஒரு தே தாரிக், பத்து மணிக்கு ரொட்டி சானாய், கூட்டம் ஓய்ந்து மூன்று மணிக்குப் பகல் சோறு, கடையடைத்துக் கணக்குப் பார்த்து இரவு பதினோரு மணிக்கு நாசி கண்டார், அதன் மேல் உறக்கம். இதற்கிடையில் வாடிக்கையாளருடன் குடித்த தேநீர்கள் கணக்கில் வராதவை.

முதல் இரண்டு வாரங்கள் திரவம் மட்டும். வடிகட்டிய சூப்பு, சீனியில்லாத பால், டாக்டர் தந்த புரதப்பொடி கரைத்த நீர். அதையும் மடக்கு மடக்காகக் குடிக்கக் கூடாது. மருந்துக் கோப்பையில் ஊற்றிச் சிப்பிச் சிப்பிக் குடிக்க வேண்டும். ஒரு கோப்பை 30 மில்லி. அதை முடிக்கவே நமக்குக் கால்மணி நேரம் ஆனது. மூன்றாம் வாரத்திலிருந்து குழைத்து அரைத்த ஆகாரம். இங்கே நம்மவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நம் நோன்புக் கஞ்சியை இறைச்சியும் பருப்பும் சற்று அதிகம் போட்டு, தேங்காய்ப்பாலைக் குறைத்து அரைத்தால் அது இந்தப் பருவத்துக்கென்றே செய்தது போலிருக்கும். ஐந்தாம் வாரம் அளவில் வேகவைத்த முட்டை, முள்ளெடுத்த கெம்போங் மீன், தாஹு, இட்டலி. இரண்டு மாதமாகும்போது மெல்ல மெல்ல வீட்டுச் சாப்பாடு. ஆனால் அளவு? முன்பு நாம் வைத்த மறுசோறுக்குக்கூட அது காணாது. சின்னத் தேநீர்ச் சாஸரில் பாதி. சோறும் ரொட்டியும் உள்ளே போய் ஊறி உப்பும். ரொட்டி சானாயும் உலர்ந்த கோழி இறைச்சியும் தொண்டைக்குக் கீழே நின்றுகொண்டு அசையாது. நமக்கு ஒரு துண்டு ரொட்டி அப்படி நின்று, கண்ணீர் வழிய அரைமணி நேரம் கடையின் பின்கட்டில் குனிந்து நின்றோம். அன்று முதல் ஒரு கவளத்தை இருபது முப்பது தடவை மெல்லாமல் விழுங்குவதில்லை.

இரண்டு விதிகள் ஆயுள் முழுவதற்கும் உரியவை. முதலாவது, புரதம் முன்னே, சோறு பின்னே. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். இதைக் கணக்குப் புத்தகம் போல் எழுதி வைத்தோம்: முட்டை ஒன்றுக்கு 6 கிராம், ஒரு கிளாஸ் பாலுக்கு 8, நூறு கிராம் மீனுக்கு ஏறத்தாழ 20. வரவு பற்றாவிட்டால் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். மூட்டை தூக்குகிறவன் தசையை இழந்தால் என்ன மிச்சம்? இரண்டாவது, சாப்பாட்டுடன் தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரைமணி கழித்தே குடிக்க வேண்டும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற கருத்துள்ள நபிமொழியை மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். நாற்பது வயது வரை அதன்படி ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை. இப்போது நம் வயிற்றில் உணவும் நீரும் ஒரே நேரத்தில் இருக்க இடமில்லை. முறை வைத்துத்தான் வர வேண்டும். ஒன்றரை லிட்டர் நீரை நாள் முழுதும் பரப்பிக் குடிப்பதற்காகக் கல்லாப் பெட்டியருகே போத்தல் ஒன்று எப்போதும் இருக்கிறது.

இனிப்பு வேறு விதமாகத் தண்டிக்கும். சீனி சட்டென்று குடலுக்குள் இறங்கினால் வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல், வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வரும். பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வருவதுண்டு. நமக்கு வந்தது ஒரு நிக்காஹ் வீட்டில், அரை கிளாஸ் ரோஸ் பாண்டோங் குடித்த பத்தாவது நிமிஷத்தில். மாப்பிள்ளைக்கு முஸாபஹா செய்ய நின்றவரை நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள்.

விருந்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம்மவரிடம் சஹன் சாப்பாடு என்றால் ஒரு தட்டைச் சுற்றி நான்கு பேர். ஒருவர் கை நின்றால் மற்ற மூவர் கையும் கூசும். ஐந்து கவளத்தில் நாம் கையை எடுத்தபோது, எதிரே இருந்த பெரியவர், “என்ன தம்பி, எங்களோடு சாப்பிடப் பிடிக்கவில்லையா?” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார், நமக்கு முகம் சுருங்கிவிட்டது. அதன் பிறகு இரண்டு மூன்று அழைப்புகளுக்குப் பொய்ச் சாக்குச் சொல்லிப் போகாமலே இருந்தோம். அது சாப்பாட்டைவிடப் பெரிய நஷ்டம். வியாபாரியின் பாதி உறவு சாப்பாட்டுத் தட்டைச் சுற்றித்தானே இருக்கிறது? இப்போது நாம் செய்வது இது: விருந்து வீட்டாரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். சஹனில் உட்காருகிறோம். நம் பக்கத்து இறைச்சித் துண்டை முதலில் எடுத்துச் சிறு சிறு நாராகப் பிய்த்து, மற்றவர்கள் முடிக்கும் வரையில் அதையே மென்றுகொண்டு பேச்சில் கலந்துகொள்கிறோம். மற்ற மூவருக்கும் பங்கு கூடுவதால் நம்முடன் அமர இளைஞர்களுக்குள் இப்போது போட்டி.

வீட்டில் ஏற்பட்டது அதைவிட நுட்பமானது. இருபது ஆண்டுகளாக நமக்குச் சமைத்துப் போட்டவர், நாம் தட்டில் மிச்சம் வைத்ததைப் பார்த்து, ஆணத்தில் உப்புக் குறைவோ என்று ருசி பார்ப்பார். ஒரு நாள், “என் கைச் சோறு உங்களுக்கு மருந்தாகிவிட்டது” என்று சொல்லி அழுதுவிட்டார். ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகரிடம் அவரையும் அழைத்துப் போன பிறகுதான் வீட்டில் அமைதி வந்தது. தனியே போய் ஆலோசனை கேட்டு வந்தது நமது பிழை. சமைப்பவருக்குத் தெரியாத விதி அடுப்படியில் நிற்காது.

சரீரத்தில் ஏற்படும் மாறுதல்கள் சில இன்பம் தரும், சில பயமுறுத்தும். மூன்றாம் மாதம் முதல் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. விரைந்து இளைக்கும்போது இது சகஜமென்றும், புரதமும் இரும்புச் சத்தும் சரியாயிருந்தால் சில மாதங்களில் திரும்ப முளைக்குமென்றும் சொன்னார்கள், முளைத்தது. குளிர் அதிகமாகத் தெரிகிறது. கையிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது. அதன் மடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணாகாமல் துடைத்து உலர்த்த வேண்டும். மோதிரம் ஒளூவின்போது கழன்று தண்ணீரோடு போயிற்று. சட்டையும் கால்சட்டையும் நாலு தடவை மாற்றினோம். தொப்பியும் கைலியும் மட்டும் மாற வேண்டியிருக்கவில்லை. எட்டாம் மாதத்தில் நாற்காலியை விட்டுத் தரையில் ஸுஜூது செய்து எழுந்தோம். அல்ஹம்துலில்லாஹ், அந்த நாளை மறக்க முடியாது.

வியாபாரிகள் எதிர்பார்க்காத ஒன்றும் நடக்கும். ஆறு மாதத்தில் முகம் ஒட்டிப்போனதைப் பார்த்த ஊரார் நமக்குப் புற்றுநோய் என்று பேசிக்கொண்டார்கள். மொத்தச் சரக்கு தரும் ஒருவர், வழக்கமான 60 நாள் தவணையை 30 நாளாக்கினார். காரணம் கேட்டதற்கு மழுப்பினார். பிறகு நாமே நேரில் போய்ச் சட்டையைத் தூக்கி ஐந்து சிறு தழும்புகளையும் காட்டி, விஷயத்தைச் சொல்லி வந்தோம். தவணை திரும்பக் கிடைத்தது. ஆகவே சிகிச்சையை ஊருக்கு மறைப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மருந்து விஷயத்தில் கவனக்குறைவு ஆகாது. இரைப்பை குறைந்தால் பி12 என்னும் சத்தை உடம்பு போதிய அளவு ஏற்றுக்கொள்ளாது. குறைந்தால் கைகால் மரத்துப்போகும், இரத்தம் குறையும். இரும்பு, கால்சியம், டி வைட்டமின் ஆகியவையும் ஆயுள் முழுவதும் வேண்டும். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். தேநீருடனும் இரும்பைச் சாப்பிடக் கூடாது. வைட்டமின் கூடுகள் பல ஜெலட்டினால் ஆனவை. அது எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது என்று நம்மவர்கள் விசாரிப்பது நியாயமே. அதற்காக வைட்டமினையே நிறுத்திவிடுவது நியாயமல்ல. ஹலால் முத்திரையுள்ளவையும், மென்று தின்னும் மாத்திரைகளும் கிடைக்கின்றன. மருந்தாளரிடம் கேட்டால் எடுத்துத் தருவார்.

சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் சிகிச்சைக்குப் பின் நாட்கணக்கிலேயே குறைக்க வேண்டியிருக்கும். பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். தாமாக நிறுத்துவதும் தவறு. முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் ஐபுபுரூஃபன், டைக்லோஃபினாக் போன்றவை இரைப்பையில் புண் உண்டாக்கும். பைபாஸ் செய்தவர்கள் அவற்றைத் தொடவே கூடாது. பித்தப்பையில் கல் வருவதும் உண்டு. வாந்தி நாட்கணக்கில் நில்லாமல் போனால் வீட்டில் கசாயம் வைத்துக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தயமின் என்ற சத்துக் குறைந்து மூளையும் நரம்பும் கெட்டுப்போகும். ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் காய்ச்சல், மூச்சு வாங்குதல், இருதயப் படபடப்பு, தீராத வயிற்றுவலி ஆகியவை கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

இனி நோன்பு. நாம் அதிகமாகத் தடுமாறியது இதிலேதான். டாக்டர் ஓராண்டு பொறுக்கச் சொன்னார். 2024 ரமலான் வந்தபோது நமக்கு ஏழாம் மாதம். உடம்பு இலேசாக இருந்தது, பசியும் இல்லை. பசியில்லாதவனுக்கு நோன்பு என்ன சிரமம் என்று எண்ணி, எவரிடமும் கேட்காமல் பிடித்தோம். ஜொகூரில் நோன்பு ஆண்டு முழுதும் ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம். மிச்சமுள்ள பத்தரை மணி நேரத்தில் தராவீஹும் தூக்கமும் போக, சிறு சிறு மிடறாக ஒன்றரை லிட்டர் நீரும் 60 கிராம் புரதமும் இந்தச் சிறு குழாய்க்குள் செலுத்த வேண்டும். கணக்கு உதைத்தது. நான்காம் நாள் அஸர் நேரத்தில் அரிசி மூட்டையை நகர்த்தக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தோம். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். பசிதான் போயிருந்தது, தாகம் உணர்த்தும் முன்பே உடம்பு வற்றிவிட்டிருந்தது.

அன்று பார்க்க வந்த ஆலிம்சா நம்மைக் கடிந்துகொண்டார். நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று சூரத்துல் பகராவிலேயே சலுகை இருக்கும்போது, அதை ஏற்காமல் உடம்பைக் கெடுத்துக்கொள்வது பேணுதல் ஆகுமா என்று கேட்டார். குணமாகக்கூடிய நோய்க்குக் கழா, குணமாகாத நோய்க்கு ஃபித்யா என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம், நமக்கும் தெரியும். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பகலில் தண்ணீர் குடிப்பதைப் பிறர் பார்ப்பார்களே என்ற வெட்கம்தான் அதை மறைத்தது. அவ்வாண்டு விடுபட்ட நோன்புகளை டாக்டரின் அனுமதி பெற்று, ஆண்டின் கடைசியில் வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கழாச் செய்தோம்.

2025 ரமலானில் இரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரை நேரங்களை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு பிடித்தோம். நோன்பு திறக்கும்போது இரண்டு மிடறு தண்ணீர், பாதிப் பேரீச்சம்பழம். மஃரிபு தொழுதபின் கஞ்சி அரைக்கோப்பை. பிறகு படுக்கும் வரை போத்தல் கையிலேயே. ஸஹரில் முட்டையும் தயிரும், கடைசி நேரம் வரை நீர். தலைச்சுற்றல் வந்த மூன்று நாட்கள் விட்டுவிட்டோம். இது நமக்குச் சரிவந்த கணக்கு. சர்க்கரை மருந்து எடுப்பவர்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் வேறு கணக்கு வரலாம். வைத்தியத்துக்கு டாக்டரையும், சட்டத்துக்கு நம் ஆலிம்களையோ ஜொகூர் முஃப்தி அலுவலகத்தையோ கேட்டுக்கொள்ளவும்.

முதலாண்டு முடிவில் நமது எடை 88 கிலோ. இரண்டாம் ஆண்டில் அது 91 ஆயிற்று. சுவீடனில் 1987 முதல் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆராய்ச்சியிலும், முதலாண்டுக்குப் பின் எடை சற்றுத் திரும்புவதையே கண்டார்கள். ஆயினும் சிகிச்சை பெறாதவர்களைவிட அவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. நமக்கு மூன்று கிலோ எங்கிருந்து வந்ததென்று ஒரு வாரம் எழுதிப் பார்த்தோம். இறைச்சியும் சோறும் அளவோடுதான் இருந்தன. கல்லாவில் உட்கார்ந்தபடியே கொறித்த பிஸ்கட்டும் முறுக்கும் வழுவழுவென்று இறங்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. இவை குழாயில் நிற்பதில்லை, வயிறு நிறைந்ததென்று சொல்வதுமில்லை. பிஸ்கட் டின்னைக் கடையின் முன்வரிசைக்கு மாற்றிவிட்டோம். வாரந்தோறும் ஊசி போட்டே இளைக்கும் மருந்துகளும் இப்போது வந்திருக்கின்றன. கத்தி வைக்குமுன் அதையும் டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பது நலம்.

அடுத்த இரத்தப் பரிசோதனைக்கான சீட்டு கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. இச்சிகிச்சையைப் பற்றி யோசிக்கும் சகோதரர்கள், தம் வீட்டாரையும் உடன் அழைத்துக்கொண்டு, அஸருக்குப் பிறகு கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்கு வந்தால், நாம் எழுதி வைத்திருக்கும் இரண்டு ஆண்டுக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் போகலாம்.